கூரை வேய்ந்த கைகள்

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் (1636) இசுலாமிய வளைவுகளும் தமிழ்ச் சுதை வேலையும் இசைந்து நிற்பதை ஓடைப்பட்டியார் அறிவர். இதற்கு மூத்த சான்று சிசிலியின் பலேர்மோ. அங்கே நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜர் 1132 முதல் எழுப்பிய அரண்மனைச் சிற்றாலயத்தில் இலத்தீன் வழிபாடு நடந்தது. சுவர்களில் பைசாந்தியப் பாணியில் கிறிஸ்து ஒளிர்கிறார். மேலே தேன்கூடு போன்ற அரபு மரக்கூரை. 2015இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அழகில் குறையில்லை. ஆனால் ரோஜரின் பேரன் இரண்டாம் பிரடரிக், 1220களில் சிசிலியின் இசுலாமியரை இத்தாலியின் லுச்சேராவுக்குப் பெயர்த்தார். 1300இல் அவ்வூரும் அழிக்கப்பட்டு, மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். கலையை ஏற்ற அரசு, கலைஞனின் இனத்தை ஏற்கவில்லை.

நம் ஆலயங்களைக் கட்டும் பிற சமயக் கொத்தனாருக்கு நம் நெஞ்சில் இடமுண்டா? அபிஷேக நாளில் போர்த்தும் பொன்னாடையோடு அவ்வுறவு முடிந்துவிடலாகாது.