பழைய தலப்படங்கள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பெரும்பகுதி புதர் மண்டிய மேய்ச்சல் வெளி. ஆண்டு மழை சராசரியாக 25 சென்டிமீட்டர்தான். அந்த நிலத்தை வீட்டில் இருந்தபடியே படித்தறிய உதவுபவை, அந்நாட்டுப் புவியமைப்பியல் அளவைத் துறை 1884 முதல் வெளியிட்டு வந்த தலப்படங்கள். பழைய தாள்களை இன்று இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்போம்.

முதலில் நிறைகள். 1:62,500 அளவுத்திட்டத்தில் ஓர் அங்குலம் ஏறத்தாழ ஒரு மைல். பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமதரை. நீலம் நீரையும், கறுப்பு மனிதர் ஆக்கிய வழித்தடம், மாட்டுப்பட்டி, காற்றாலை போன்றவற்றையும் குறிக்கும். ஒரு கோடும் மூன்று புள்ளிகளுமாக மாறி மாறிச் செல்லும் நீலம், சில காலமே ஓடும் ஓடை. பெயர்களும் பேசுகின்றன: டோனோபா என்ற ஊர்ப்பெயரில் வரும் 'பா', அங்குள்ள பழங்குடி மொழிகளில் தண்ணீர்.

இனி, குறை. மலையையும் ஊற்றையும் படம் ஒரே உறுதியுடன் அச்சிடுகிறது. மலை நூறு ஆண்டுகளில் பெரிதாக மாறாது. ஊற்று வற்றலாம், காற்றாலை நின்று போகலாம், வழித்தடத்தைப் புதர் மூடலாம். ஆகவே தாளின் ஓரத்தில் அளவையெடுத்த ஆண்டைத் தேடுங்கள். அச்சிட்ட ஆண்டு அதற்குப் பல்லாண்டு பிந்தியதாக இருக்கக்கூடும்.

அதே ஓரத்தில், காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்ற குறிப்பும் உண்டு. இதுவும் காலத்தோடு மாறுவது. நெவாடாவில் 1950-களில் கிழக்கே ஏறத்தாழ 17 பாகையாக இருந்த விலக்கம், இன்று 12 பாகை அளவுக்குக் குறைந்துள்ளது. பழைய எண்ணை நம்பி 10 கிலோமீட்டர் நடப்பவர், ஊற்றுக்கு ஏறத்தாழ 870 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார். வறண்ட வெளியில் இது உயிர்ப் பிரச்சினை.

அப்படியானால் புதிய படமே போதாதா? 2009 முதல் வெளிவரும் படங்கள் கணிப்பொறித் தரவுகளிலிருந்து தொகுக்கப்படுபவை. பழைய தாள்களுக்கோ அளவையாளர்கள் நேரில் சென்று தகவல் திரட்டினார்கள். அந்த உழைப்பின் பயனை இழக்கலாகாது. ஆண்டு குறித்த சாட்சியமாக அதை ஏற்க வேண்டும்.

நேயர்களே, பழுப்பை நம்புங்கள், கறுப்பை விசாரியுங்கள், நீலத்தை நம்பித் தண்ணீர்க் குடுவையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்!