உணவு விடுதியில் குடும்பம்: மெனு கார்டு ஒரு பிரதியாக

'அசைவம்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறியோ மீனோ தின்கிறவர்கள். ஆனால் அவர்கள் தின்பதற்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடையாது. சைவம் அல்லாதது, அவ்வளவுதான். சிறுபான்மையின் உணவு பெயராகவும் பெரும்பான்மையின் உணவு அதன் மறுப்பாகவும் நிற்கிற இந்த இருமை எதிர்வு, பலகையில் 'உயர்தர சைவ உணவகம்' என்று எழுதப்படும்போது இன்னொரு படி ஏறிக்கொள்கிறது. தரம் யாருடையது? பண்டத்தினுடையதா, சமைத்தவருடையதா, பக்கத்து மேசைக்காரருடையதா? பலகை சொல்வதில்லை. சொல்லாததால்தான் அது வேலை செய்கிறது.

ஒரு காலத்தில் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் என்ற வழக்கம், பெரியார் இயக்கத்தின் நெருக்குதலுக்குப் பிறகு, 1941இல் எடுபட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகத் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அதே 1957இல்தான் பாரிஸில் ரொலாண் பார்த்தின் 'மித்தாலஜிஸ்' நூலாக வந்தது. மாட்டிறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரெஞ்சுத் தேசியத்தின் குறிகளாவதை அதில் அவர் எழுதியிருக்கிறார். அங்கே கட்டுரையாக வந்தது இங்கே மறியலாக நடந்திருக்கிறது. ஒரு சொல்லை அழிப்பதற்காகச் சிறைக்குப் போனவர்களைவிடக் குறியின் பலத்தை அறிந்தவர்கள் யார்? நம் கோட்பாட்டு நண்பர்கள் பார்த்தை மேற்கோள் காட்டுகிற வேகத்தில் இதைப் பார்ப்பதேயில்லை.

சரி, சொல் போய்விட்டது. அது தாங்கி நின்ற ஒழுங்கு எங்கே குடியேறியது? அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ சனிக்கிழமை ராத்திரி நிரம்பி வழிகிற 'கிராமத்து' உணவகம் ஒன்றுக்குள் போய்ப் பார்க்கலாம். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், உள்ளே அரிக்கேன் விளக்கு, சுவரோரம் யாரும் அரைக்காத அம்மி. பரிமாறுகிற பையனுக்கு வேட்டி கட்டித் தலைப்பாகை சுற்றிவிட்டிருக்கிறார்கள். பல இடங்களில் அவன் ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்தவன். 'இன்னும் சாதம் போடவா' என்பதை மனப்பாடமாகச் சொல்வான். தமிழ்க் கிராமத்தானாக நடிக்கிற உழைப்புக்கு அவனுக்குத் தனிக்கூலி உண்டா என்று தெரியவில்லை. இருக்காது.

இந்தக் கிராமத்தில் திண்ணை இருக்கிறது, கிணறு இருக்கிறது, சேரி இல்லை. டீக்கடை வைத்திருக்கிறார்கள், இரட்டைக் குவளை இல்லை. ஏக்கமாக விற்கப்படுகிற கிராமத்தில் அதை விட்டு ஓடி வந்தவர்களின் நினைவுக்கு இடமில்லை. அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அரசியல் நிர்ணய சபையில் என்ன கருத்து வைத்தார் என்பது தெரிந்தவர்களுக்கு இந்த அலங்காரம் வெறும் அலங்காரமாகத் தெரியாது.

இப்போது மேசைக்கு வருவோம். பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மெனு கார்டு முதலில் அப்பா கைக்குப் போகிறது, பிறகு பிள்ளைகள் கைக்கு. வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு மகள் கேட்கிறாள்: "அம்மா, உனக்கு?" "எனக்கென்னடி, எதுனாலும் சரி. நீங்க மிச்சம் வெச்சா நான் சாப்புட்டுக்குறேன்." இந்த வசனத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. இதைத் தியாகம் என்று வாசிப்பது வழக்கம். எனக்கு அது மொழிப் பிரச்சினையாகப் படுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்கான இலக்கணம் அந்தப் பெண்ணுக்கு யாராலும் கற்றுத்தரப்படவில்லை. வருஷம் முழுக்க மற்றவர்கள் நாக்கை வாசித்தவள், தன் நாக்கின் முன்னால் எழுத்தறியாதவளாக உட்கார்ந்திருக்கிறாள்.

இதில் குரூரம் என்னவென்றால், எதிர்ச்சுவரில் கொட்டை எழுத்தில் 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று எழுதியிருக்கிறது. ஒரு வேளையாவது அடுப்படியிலிருந்து தப்பித்து வந்தவளுக்கு விலை போட்டு விற்கப்படுவது அவளுடைய அடுப்படியேதான். உள்ளே பெரும்பாலும் மாஸ்டர்கள் ஆண்கள்; பாத்திரம் தேய்க்கும் இடத்தில்தான் பெண்களைப் பார்க்க முடியும். கூலியற்ற வேலையாக இருந்தவரை பெயரற்றுக் கிடந்தது, ஆண் கைக்கு மாறிக் கூலி பெற்ற பிறகு 'அம்மா' என்று பெயர் சூட்டிக்கொள்கிறது.

'குடும்ப அறை' என்ற பலகையும் யோசிக்க வேண்டியது. பொதுக்கூடம் என்றால் ஆண்கள் சாப்பிடுகிற இடம் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. நான்கு பையன்கள் சேர்ந்து வந்தால் குடும்பமில்லை. ஒற்றையாக வருகிற பெண்ணை மட்டும் சர்வர் அந்தத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவார். தனியாக இருந்தாலும் அவள் ஒரு 'ஃபேமிலி'.

இவ்வளவும் சொன்னதால் வெளியே சாப்பிடுவதே நடுத்தர வர்க்கப் பகட்டு என்று முடித்துவிடுகிற நம் இடதுசாரித் தோழர்களோடு நான் சேர முடியாது. பூர்தியு ரசனையை வர்க்கத்தின் அடையாள அட்டையாக வாசித்தார். அதை இங்கே அப்படியே பெயர்த்து ஒட்டினால் ஒரு முக்கியமான விஷயம் தவறிப்போகும். ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாதவரின் பேரன், பட்டணத்தில் ஏசி ஹாலில் நடுமேசையைப் பிடித்து, இலையை எடுக்காமல் எழுந்து கை கழுவப் போகிறான். எச்சில் இலையை வேறு யாரோ எடுக்கிறார்கள். இது நுகர்வு மட்டுமல்ல. முகம் தெரியாத நகரத்தில் காசு ஒரு மணி நேரத்துக்கு வாங்கித் தருகிற சமத்துவம் அற்பமானதுதான், ஆனால் ஊர் அதைக்கூடத் தரவில்லை. புதிய உணவகங்கள் மேல் எனக்குள்ள கோபமே, அந்த முகமற்ற தன்மையை அவை திரும்பப் பிடுங்கிக்கொள்கின்றன என்பதுதான். பழைய சாப்பாட்டுக் கடைக்கு ஊர் இல்லை; இப்போது செட்டிநாடு, கொங்கு, நாஞ்சில் என்று ஊரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறார்கள். நிலப்பெயர் மாதிரித் தெரிகிற இவற்றில் பலவற்றுக்குள் எந்தச் சாதியின் அடுப்பு எரிகிறது என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியும்.

பெயர் பெறாத அடுப்புகள் எவை என்று கேட்டால் மெனு கார்டு காட்டிக்கொடுத்துவிடும். ஆடு, கோழி, காடை, நண்டு, புறா என்று நீள்கிற பட்டியலில் மாடு இல்லை. தற்செயலா இது? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்தது. மாட்டுக்கறி பிரியாணி வெகுசாதாரணமாகப் புழங்குகிற ஊர் அது. திருவிழாவில் அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பிரியாணிக்குத் தடை ஏதும் போடவில்லையே என்று அதிகாரிகள் வாதாடலாம்தான். பட்டியலும் அப்படித்தான், தடை விதிக்காது, விட்டுவிடும். பிரதியின் அரசியல் என்று நாம் மேடை போட்டுப் பேசுகிற விவகாரம் வேறெங்கும் இல்லை, விலைப்பட்டியலின் அந்த விடுபடலில்தான் இருக்கிறது.

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் பீஃப் வறுவல் போடுகிறார்கள். ஆண்கள் நின்றுகொண்டே தின்கிறார்கள். பெண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மெனு கார்டு கிடையாது.