தோகை கப்பல் ஏறியதா?

"சாலமோன் மன்னனுக்கு மயில் அனுப்பியவன் தமிழன்; பைபிளில் உள்ள 'துக்கி' நம்முடைய தோகைதான்" என்று தமிழ்ச் சங்க மேடைகளில் பேசாத ஆண்டே கிடையாது. கைதட்டலும் விழும். பிள்ளைகள் இதைப் பள்ளியில் போய்ச் சொல்லி, ஆதாரம் கேட்டால் என்ன செய்யும்?

கருத்தைப் பரவச் செய்தவர் கால்டுவெல். தோகை என்பது இன்று மயிலின் வாலை மட்டும் குறித்தாலும் பழந்தமிழில் மயிலையே குறித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மேடையில் இந்த வரியை விழுங்கிவிடுகிறார்கள்! உறுப்பின் பெயர் முழுப் பறவைக்கு ஆவதைச் சினையாகுபெயர் என்போம். சங்கப் பாட்டில் அந்த வழக்கு உண்டு. ஆனால் சாலமோன் காலம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

ஒலியும் இடிக்கிறது. தோகையின் நெடில் 'து' என்று குறுகி, ககரம் ஏன் இரட்டித்தது? ஆல்பிரைட் என்ற அறிஞர் அது எகிப்தியச் சொல், ஒருவகைக் குரங்கு என்றார். பழைய இலத்தீன் பைபிளோ மயில் என்றே பெயர்த்தது. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி!

வியாபாரியாகிய எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்த வசனம் ஒரு சரக்குப் பட்டியல்: பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, துக்கி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பல். யானை அதில் தந்தமாகத்தானே ஏறியது? மயிலும் பீலியாக ஏறியிருக்கலாமே. தீனி வேண்டாம், சாகாது, எடையும் இல்லை. எங்கள் திகம்பர முனிவர்கள் கையில் ஏந்தும் பிஞ்சிகூட மயில் தானே உதிர்த்த பீலிதான். அப்படியானால் தோகைக்கு ஆகுபெயரே தேவையில்லை, நேர்ப்பொருளே பொருந்தும். இது என் ஊகம்; ஒலிச் சிக்கல் அப்படியே இருக்கிறது.

பெருமைதான் வேண்டுமென்றால் வடக்கே பாருங்கள். ரிக் வேதத்திலேயே வரும் 'மயூர' என்ற சொல்லை, மயில் என்பதோடு தொடர்புடைய திராவிடச் சொல் என்று பரோ போன்ற வடமொழி அறிஞர்கள் கருதினார்கள். முண்டா மொழிச் சொல் என்பாரும் உண்டு. ஆனாலும் துக்கியைவிட இதற்குப் பிடிமானம் அதிகம். மயூர என்பதே தேய்ந்து 'மோர' ஆகி, அசோகரின் கிர்நார் கல்வெட்டில் நிற்கிறது. அரண்மனைச் சமையலுக்குக் கொல்லும் உயிர்களைக் குறைத்து, நாளுக்கு இரண்டு மயில், ஒரு மான் என்று நிறுத்திய சாசனம் அது. இங்கே நம் வீட்டுக் குழந்தைகள் 'மோர்' என்றால் பாட்டிமார் தம்ளரைத் தேடுகிறார்கள். குழந்தை காட்டுவது ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மயிலை.