நீலச் சட்டை, காகித ரோஜா: சிக்கன வேடங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

கையில் காசு குறைவாக உள்ள கல்லூரி மாணவர் ஹாலோவீனுக்கு எப்படி வேடம் கட்டுவது? ஆண்டுதோறும் அக்டோபரில் இந்தக் கேள்விக்கு விடைகள் குவிகின்றன. பழைய படுக்கை விரிப்பில் இரண்டு துளை போட்டால் பேய். கறுப்புச் சட்டையும் அட்டைக் காதும் இருந்தால் பூனை. கட்டுத்துணி சுற்றினால் மம்மி. இந்த விடைகள் விலையைக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. மலிவாகக் கட்டிய வேடம் நல்ல வேடமா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்ற அடுத்த கேள்வி எழுவதே இல்லை. வேடத்தைக் கலைப்பொருளாக ஏற்பவர் அதைக் கேட்டாக வேண்டும். பொருள் எங்கிருந்து வந்தது, உறுப்புகள் தமக்குள் இயைகின்றனவா, அணிபவரின் உடலுக்கும் பருவத்துக்கும் வேடம் பொருந்துகிறதா, பார்ப்பவரிடம் அது எதை நிகழ்த்துகிறது என்று நான்கு வழியாகவும் சோதிக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு நான் எடுத்துக்கொள்வது சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கை. காரணம் எளிது. கிராவுபுண்டன் மாநிலத்தின் இந்த மலைப்பகுதியில் விலையுயர்ந்த உடைமரபும் மிக மலிவான வேடமரபும் ஒரே ஊரில், சில வார இடைவெளியில், ஒரே தெருவில் நடக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு திறனாய்வாளருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

சனவரியில் மேல் எங்கடின் ஊர்களில் நடப்பது ஷ்லிட்டேடா. மணமாகாத இளையோர் இணை இணையாகக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளில் ஊர்வலம் போகிறார்கள். பெண்கள் அணிவது எங்கடின் மரபுடை: சிவப்புக் கம்பளி அங்கி, பட்டு மேலாடை, பூவேலைப்பாடு, தலையில் சிறிய வெல்வெட் தொப்பி. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை. தையலும் நிறத்தேர்வும் தலைமுறைகளாகத் தேறியவை. ஆனால் அந்த உடை பெரும்பாலும் குடும்பச் சொத்தாகக் கைமாறி வருவது. புதிதாகத் தைப்பதென்றால் மாணவர் எவராலும் எளிதில் முடியாது. அதை அணிபவர் வேறொருவராக மாறுவதும் இல்லை, தன் வீட்டின் நிலையைத்தான் காட்டுகிறார். உடையாக அது முழு வெற்றி. வேடம் என்ற வகைக்குள் அதைக் கொண்டுவர முடியாது.

மார்ச் 1 அன்று அதே தெருவில் வருவது சலந்தாமார்ட்ஸ். குளிர்காலத்தை மணியோசையால் விரட்டும் பள்ளிப் பிள்ளைகளின் விழா. ரோமானிய நாட்காட்டியின் மார்ச் முதல் நாளிலிருந்து பெயர் பெற்றது. மேல் எங்கடின் ஊர்களில் வேடம் என்பது உழவர்கள் அணியும் தொளதொளப்பான நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி, தலையில் கூர்நுனிச் சிவப்புத் தொப்பி, மேலே காகித ரோஜாக்கள், தோளிலோ இடுப்பிலோ மாட்டின் மணி. அவ்வளவுதான். பூக்களைச் சுருள்காகிதத்தில் வாரக்கணக்காக வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். சட்டை வீட்டில் ஏற்கெனவே இருப்பது அல்லது அண்ணனிடமிருந்து வந்தது. மணி தொழுவத்தினுடையது. பெரிய மணி முன்னே, சிறிய மணி பின்னே என மந்தை மலையேறும் வரிசையில் பிள்ளைகள் நடந்து, ஊரின் நீரூற்றுகளைச் சுற்றி வந்து, வீடு வீடாகப் பாடுகிறார்கள்.

இந்த வேடத்தின் முதல் சிறப்பு அதன் இயைபு. சட்டை வேலையிடத்தின் பொருள், மணி தொழுவத்தின் பொருள், இரண்டும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. காகித ரோஜா மட்டும் அந்த உலகத்தில் இல்லாதது. ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் மார்ச் மாதத் தொடக்கத்தில் பூ ஏது? நிலத்தில் இல்லாத பூவைக் காகிதத்தில் செய்து தலையில் சூடும்போது, அந்த ஒரே ஒரு பொய்யில் விழாவின் முழுக்கருத்தும் வந்துவிடுகிறது. பெரும் செலவில் செய்த பல வேடங்களில் இத்தகைய கருத்துச் செறிவு கிடையாது. பத்துப் பொருள்கள் சேர்ந்து சொல்லத் தவறுவதை இங்கே ஒரு தாள் சொல்கிறது.

இரண்டாவது சிறப்பு பருவத்தோடு உள்ள பொருத்தம். உழவர் சட்டை அகலமானது. அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டாலும் வடிவம் கெடாது. அதனால் உறைநிலைக்குக் கீழான காலையிலும் பிள்ளைகள் மணிக்கணக்காகத் தெருவில் இருக்க முடிகிறது. அக்டோபர் இறுதியில் இதே ஊரில் கடையில் வாங்கிய மெல்லிய பாலியஸ்டர் எலும்புக்கூட்டு உடை என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதன்மேல் குளிர்க் கோட்டு போட்டாக வேண்டும். போட்டதும் வேடம் மறைந்துவிடும். உடலை மதிக்காத வேடம் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் தோற்றுவிடுகிறது.

இனிக் குறைகள். சலந்தாமார்ட்ஸில் கற்பனைக்கு இடம் குறைவு. ஒரு பிள்ளை கரடியாகவோ மந்திரவாதியாகவோ வர அந்த மரபு இடம் கொடுப்பதில்லை. வடிவம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. சுவோட்ஸ் போன்ற ஊர்களில் மணி அடிப்பது நெடுங்காலம் பையன்களின் உரிமையாகவே இருந்தது. பெண்பிள்ளைகள் பூ செய்தார்கள். வேடத்தின் மிகச் செறிந்த உறுப்பைச் செய்த கைகளுக்கு ஊர்வலத்தில் இடமில்லை என்பது சிறிய குறை அல்ல. பல ஊர்களில் இப்போது இருபாலரும் சேர்ந்து நடக்கிறார்கள். அதனால் விழாவின் வடிவம் எங்கும் சிதைந்துவிடவில்லை. விலக்கிவைப்பு வடிவத்தின் தேவையாக இருந்ததில்லை என்பதற்கு அதுவே சான்று.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதைக் கண்டு சொன்னது ஒரு குழந்தைநூல். 1945இல் வெளிவந்த 'ஷெல்லன்-ஊர்ஸ்லி'யில், செலினா ஷோன்ஸின் கதைச் சிறுவனுக்குக் கிடைப்பது ஆகச் சிறிய மணி. சிறிய மணி என்றால் வரிசையின் கடைசி. பெரிய மணிக்காக அவன் பனியில் தனியாக மலைக்குடிலுக்கு ஏறுகிறான். சட்டையும் தொப்பியும் எல்லாரையும் சமமாக்குகின்றன. உடையில் மறைந்த ஏற்றத்தாழ்வு மணியின் அளவில் திரும்பி வருகிறது. சேவியர் கொல்லர் 2015இல் எடுத்த திரைப்படம் இந்த முள்ளை இன்னும் கூர்மையாக்கி, ஊர்ஸ்லிக்கு வரவேண்டிய மணியைக் கடைக்காரரின் மகனுக்குக் கொடுத்தது. கதையைத் திரையில் நீட்டிய விதத்தில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. ஆனால் இந்த ஒரு முடிவு நூலைச் சரியாக வாசித்தவரின் முடிவு. மலிவு வேடத்தைப் பாராட்டும் எவரும் காசு அதற்குள் எந்த வழியாகத் திரும்ப நுழைகிறது என்று பார்க்கத் தவறக்கூடாது.

அந்த நூலுக்குப் படம் வரைந்த அலோயிஸ் கரிஜியெட் இந்த விவாதத்துக்கு நேரடியாக உரியவர். 1966இல் ஓவியருக்கான முதல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதைப் பெற்றவர் என்பதைப் பலரும் அறிவர். 1934இல் ஜூரிக்கில் தொடங்கிய கார்னிஷோன் கபரேயின் மேடைக்கு அவர் காட்சியமைப்பும் உடையும் வடிவமைத்தவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. சிறு மேடையில் ஒரு தொப்பியும் ஒரு மூக்கும் பாத்திரத்தை நிறுவியாக வேண்டும். ஊர்ஸ்லியின் கூர்நுனித் தொப்பி பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் நிற்பதில் அந்த மேடைப் பயிற்சியைக் காண்கிறேன். குழந்தையின் உருவம் பனிப்பரப்பில் எவ்வளவு சிறிதாகப் போனாலும் தொப்பியின் கோடு ஒன்றே அவன் யார் என்று சொல்லிவிடுகிறது. வேடம் கட்டும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது: தூரத்திலிருந்து படிக்கக்கூடிய ஒரு கோட்டைக் கண்டுபிடி, மற்றவற்றை விட்டுவிடு.

எங்கடினுக்கு வெளியேயும் சான்று தேடினால், வலே மாநிலத்தின் லோட்ஷென்டாலில் பிப்ரவரி 2க்குப் பின் தெருவில் இறங்கும் செகெட்டா வேடம் முதலில் நிற்கும். மரத்தில் செதுக்கிய கோரமுகம், ஆட்டுத்தோல், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்ட பழைய உடை, இடுப்பில் மணி. வழக்கமாக இது மணமாகாத இளைஞர்களின் வேடம். காசில்லாத வயதினரின் கைவேலை. சட்டையைத் திருப்பிப் போடுவது என்ற ஒரே செயலில் அன்றாட மனிதன் காணாமல் போகிறான், செலவு எதுவுமில்லை. ஆனால் அந்த முகமூடிகள் அருங்காட்சியகங்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் போகத் தொடங்கியபின் செதுக்குவேலை வேடத்தை மிஞ்சி வளர்ந்தது. சுவரில் தொங்குவதற்குச் செய்த முகம் ஓடும் உடலின் முகமாக இருக்க வேண்டிய தேவை இல்லையே.

சுவிட்சர்லாந்தின் ஊர்னேஷ் ஊரில் டிசம்பர் 31 அன்றும் பழைய நாட்காட்டியின்படி சனவரி 13 அன்றும் வரும் சில்வெஸ்டர் கிளாவுஸ் என்ற வேடக்காரர்களோ இந்தச் சிக்கலை வகைபிரித்தே தீர்த்துவிட்டார்கள். மணிவேலைத் தலையணிகளோடு வரும் அழகர்கள் ஒரு வகை. வைக்கோலும் சருகும் கிளைகளும் போர்த்த அருவருப்பர்கள் இன்னொரு வகை. இயற்கைப் பொருள்களையே அழகாக அடுக்கி வரும் அழகிய அருவருப்பர்கள் மூன்றாம் வகை. காட்டில் பொறுக்கிய பொருளை உழைப்பால் உயர்த்தும் இந்த மூன்றாம் வகையை நான் மற்ற இரண்டுக்கும் மேலாக வைப்பேன்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் குலசேகரன்பட்டினம் நினைவுக்கு வராமல் இருக்காது. முத்தாரம்மன் கோயில் தசராவில் காளி வேடமும் உண்டு, பிச்சைக்காரர் வேடமும் உண்டு. காளிக்குக் கிரீடம், சடைமுடி, நீட்டிய நாக்கு, கூடுதல் கைகள் என்று செலவு ஏறும். பிச்சைக்காரருக்குக் கிழிந்த துணியும் ஒரு தட்டும் போதும். இரண்டு பேரும் மாலை போட்டு, காப்புக் கட்டி, வேடத்தோடு தர்மம் எடுத்து, அதை ஒரே உண்டியலில் செலுத்துகிறார்கள். நேர்த்திக்கடன் ஒன்றாக இருப்பதால் விலை வேற்றுமை வேடத்தின் தரவேற்றுமை ஆகிவிடுவதில்லை. எங்கடினிலும் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிச் சேர்ப்பது பள்ளிப் பிள்ளைகளின் பொதுச் செலவுக்குப் போகிறது. ஹாலோவீன் இந்த இடத்தில் பலவீனமானது: வாங்கும் இனிப்பு அவரவர் பைக்குள் போகிறது, மாணவர் விருந்திலோ அதுவும் இல்லை, பரிசோ புகைப்படமோதான் மிஞ்சும். பொதுநோக்கம் இல்லாத வேடம் முழுச்சுமையையும் தன் உருவாக்கத்தின்மேல் ஏற்றிக்கொள்கிறது. அதனால் அதன் உருவாக்கத்தை இன்னும் கடுமையாக மதிப்பிடத்தான் வேண்டும்.

ஆனால் ஹாலோவீனுக்கு உரிய நியாயத்தையும் மறுக்கக்கூடாது. ஐரோப்பியக் கண்டத்தின் இந்தப் பகுதியில் அது தொண்ணூறுகளில் வணிகத்தின் கைபிடித்துப் பரவியது. அதை வைத்து மட்டும் அதைத் தள்ளுவது சோம்பேறித்தனமான திறனாய்வு. சலந்தாமார்ட்ஸ் தராத ஒன்றை அது தருகிறது: யார் வேண்டுமானாலும் எதுவாகவும் வரலாம். ஆண் பெண் வரிசை இல்லை, பெரிய மணி சின்ன மணி இல்லை, பிறந்த ஊர் கேட்பதில்லை. இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தில் ஜூரிக்கில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவிக்கு எங்கடினின் குடும்ப உடை கிடைக்காது. ஹாலோவீன் அவளுக்கும் திறந்திருக்கிறது. இந்தத் திறப்பு பெரிய மதிப்பு. பொட்டலத்தில் அடைத்த உடை அந்த மதிப்பைத்தான் வீணாக்குகிறது. எதுவாகவும் ஆகலாம் என்ற இடத்தில் அட்டையில் அச்சிட்ட இருபது உருவங்களில் ஒன்றைத் தேர்வு செய் என்கிறது.

மாணவருக்கு வேறு வழி அங்கேயே இருக்கிறது. சுவிஸ் ஊர்களில் பழம்பொருள்களை மலிவாக விற்கும் ப்ரோக்கன்ஹவுஸ்கள் உண்டு. மக்கள் செல்லமாக ப்ரோக்கி என்பார்கள். ஜூரிக்கில் உள்ளது 1904 முதல் நடக்கிறது. இங்கே கிடைக்கும் பழைய கம்பளிக் கோட்டுக்குக் கனமும் தேய்மானமும் உண்டு. புதிய உடையில் எந்த ஒப்பனையாலும் கொண்டுவர முடியாத காலத்தின் தடம் அதில் இருக்கிறது. இந்த வழிக்கும் பொறி உண்டு. மலிவு என்பதற்காகத் தொப்பி, மூக்குக்கண்ணாடி, கைத்தடி, பெட்டி என்று அள்ளி வருபவர் வேடம் கட்டுவதில்லை, கடையைச் சுமந்து வருகிறார். கிழவனா, துப்பறிவாளனா, பயணியா என்று பார்ப்பவர் குழம்பும்போது வேடம் முடிந்துவிட்டது. எனவே எங்கடினின் கண்டிப்பை இங்கே கடன் வாங்க வேண்டும்: கிடைத்த பழைய உடை ஒன்று, தன் கையால் செய்த பொருள் ஒன்று, அவற்றுக்கு உயிர் தரும் ஓசையோ நடையோ ஒன்று. படுக்கை விரிப்புப் பேய் பெரும்பாலும் தோற்பது ஏன் என்பதும் இதனால் விளங்கும். அதில் முதலாவது உண்டு, மற்ற இரண்டும் இல்லை. நடக்கத் தெரிந்த பேய்க்கு அந்த விரிப்பே போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. சிக்கன வேடங்களில் முறைமையாலும் இயைபாலும் முதலிடம் சலந்தாமார்ட்ஸுக்கு. அதன் மணிவரிசையும் பழைய விலக்கிவைப்பும் அந்த இடத்திலிருந்து அதை இறக்கவில்லை, ஆனால் குறையாகவே பதிவாகின்றன. பழைய உடையும் கைவேலையும் கொண்டு மாணவர் தானே கட்டும் ஹாலோவீன் வேடம் அதற்கு அடுத்த இடத்துக்குத் தகுதியானது. தேர்வில் கண்டிப்பு இருந்தால் சமமாகவும் நிற்கும். கடைப் பொட்டலத்து உடை எவ்வளவு மலிவாக விற்றாலும் இந்த மதிப்பீட்டில் தேறவில்லை.