மதுரைத் தினகரன் நிகழ்வும் ஊடக உடைமையும்: செய்தியாதலும் செய்தியாகாமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஊடக உடைமை செய்தியை மறைக்கிறது என்பது பரவலான கருத்து. 2007 மே 9 அன்று மதுரைத் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்ட நிகழ்வைச் சான்றாகக் கொண்டு அக்கருத்தை இக்கட்டுரை மறுஆய்வு செய்கிறது. ஒரு பொருள் எப்போது செய்தியாகிறது என்பதை உடைமையாளரின் உறவுநிலையும் வரையறுக்கிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஊடக உடைமை, தினகரன், கேபிள் வலைப்பின்னல், கருத்துக்கணிப்பு, மதுரை

முன்னுரை

எட்வர்ட் ஹெர்மனும் நோம் சோம்ஸ்கியும் 1988இல் வெளியிட்ட நூலில், செய்தியைச் சலிக்கும் ஐந்து சல்லடைகளுள் உடைமையை முதலாவதாக வைத்தனர். அவர்கள் கருத்தில் கொண்டவை இலாபத்தையும் விளம்பரத்தையும் சார்ந்த அமெரிக்கப் பெருநிறுவனங்கள். தமிழ்நாட்டிலோ நிறுவனம், குடும்பம், கட்சி ஆகிய மூன்றும் பின்னிக் கிடந்தன. எனவே அச்சட்டகத்தை அப்படியே பொருத்தாமல் உள்ளூர்ச் சான்றுகொண்டு சோதிப்பது தேவையாகிறது.

உடைமையின் பரப்பு

தமிழ் நாளிதழ் வரலாற்றில் மதுரைக்குத் தனியிடம் உண்டு. சி.பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியை இங்குதான் தொடங்கினார். அவருடைய மருமகன் கே.பி. கந்தசாமி 1977இல் நிறுவிய தினகரன், 2005இல் கலாநிதி மாறனின் குழுமத்திற்குக் கைமாறியது. 1993இல் தொடங்கப்பட்ட சன் தொலைக்காட்சியும் சுமங்கலி கேபிள் விஷனும் அக்குழுமத்தினுடையவை. அவருடைய தம்பி தயாநிதி மாறன் 2004 முதல் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர். தாத்தா முறையினரான மு. கருணாநிதி 2006 முதல் முதலமைச்சர்.

2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. அன்றைய அனலாக் முறையில் கேபிள் வழியே எந்த அலைவரிசை வரும், எது தெளிவாகத் தெரியும் என்பதை இணைப்பு வழங்குவோரே முடிவு செய்தனர். மதுரையில் நாளிதழ்கள் பல விற்பனையாகின. ஆனால் அச்சில் நிலவிய அப்பன்மை கேபிள் வடத்தில் இல்லை.

வினாவே செய்தியாதல்

தினகரன், ஏ.சி. நீல்சன் நிறுவனத்தைக் கொண்டு நடத்திய கருத்துக்கணிப்புகளைத் தொடராக வெளியிட்டது. தமிழகத்தைச் சேர்ந்த மத்திய அமைச்சர்களுள் சிறப்பாகச் செயல்படுபவர் தயாநிதி மாறன் என்றது ஒரு கணிப்பு. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று மே 9 அன்று வெளியான கணிப்பு வினவியது: மு.க. ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, மு.க. அழகிரிக்கும் கனிமொழிக்கும் தலா 2 விழுக்காடு.

இங்கு விழுக்காட்டினும் வினாவே ஆய்வுக்குரியது. ‘வாரிசு’ என்னும் சொல், கட்சித் தலைமை குடும்பத்திற்குள்தான் கைமாறும் என்பதை முன்னரே ஏற்றுக்கொள்கிறது. மக்கள் கருத்தாக அச்சேறியது, உடைமையாளர் தேர்ந்த வினாவுக்கான விடையே. அழகிரியின் ஆதரவாளர்கள் எனக் கூறப்பட்டோர் அன்றே அலுவலகத்தைத் தாக்கினர். பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. உள்ளே பணியிலிருந்த ஊழியர் மூவர் மாண்டனர். வினாவைத் தேர்ந்ததில் அவர்களுக்குப் பங்கில்லை.

பிளவும் இணக்கமும்

தாக்குதல் காட்சிகளைச் சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. சில நாள்களில் தயாநிதி மாறன் பதவி விலகினார். செப்டம்பர் 15இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு கேபிள் நிறுவனமும் அவ்வாண்டே உருவானது. 2008இல் மதுரையில் ராயல் கேபிள் விஷன் என்னும் போட்டி வலைப்பின்னல் தோன்றியபோது, சன் குழும அலைவரிசைகள் பல வீடுகளில் தடைபட்டன. ஆக, அந்நகரத்தார் காண்பதையும் காணாததையும் ஒரு குடும்பப் பூசலே முடிவுசெய்தது.

2008 டிசம்பரில் குடும்பங்கள் இணங்கின. அரசு கேபிள் முடங்கியது; 2011இல் ஆட்சி மாறிய பின்னரே மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டது. 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. மத்தியப் புலனாய்வுத் துறையும் மாண்டவர் ஒருவரின் தாயும் மேல்நடவடிக்கைக்குச் சென்றதன்பேரில், 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் குழும ஊடகங்கள் இவ்வழக்குக்கு அளித்த இடத்தை, இணக்கத்திற்கு முன், பின் எனப் பகுத்து அளவிடுவது இனிவரும் ஆய்வுகளின் கடன்.

முடிவுரை

பெருநிறுவன உடைமை நிலையான சல்லடை என்னும் கருத்து மதுரைச் சான்றுக்கு முழுதும் பொருந்தவில்லை. இங்குச் சல்லடையின் கண்கள் உறவு முறிந்தபோது விரிந்தன. விரிந்தபோதும் ஒரு தரப்பின் காயத்தையே காட்டின. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் ஊடக உடைமைக்கு வரம்பு கோரிப் பரிந்துரைத்தும் அது சட்டமாகவில்லை. எனவே செய்தியின் உள்ளடக்கத்தை மட்டும் பகுத்தாய்வது போதாது. அச்சகம் யாருடையது, கேபிள் வடம் யாருடையது, அவர்களுக்குள் அன்று பகையா உறவா என்பனவும் தமிழ் இதழியல் ஆய்வின் தரவுகளாக வேண்டும்.