சிங்கமுகத் தெய்வமும் கம்பர் கண்ட சீயமும்

நைல் நதிக்கரை மக்கள் சிங்கத்துக்கு அஞ்சினர். அஞ்சியதனையே வணங்கவுஞ் செய்தனர். அவர்தம் சிங்கத் தெய்வங்களுள் தலையாயவள் செக்மெத். பெண்ணுடலும் பெண்சிங்கத் தலையும் உடைய அவளுக்குக் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்கொதெப் மன்னன் நூற்றுக்கணக்கான கற்சிலைகளை நிறுவினான். கொள்ளைநோயை ஏவுபவளும் அதனைத் தீர்ப்பவளும் அவளே என்பது அந்நாட்டார் நம்பிக்கை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அம்மனை வழிபடுவோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இவ்வொப்புமை கண்டு, நரசிங்க வடிவமும் எகிப்திலிருந்தே வந்ததெனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. மனித உடலும் சிங்கத் தலையும் ஈரிடத்தும் உளவேனும், அவை அமைந்த காரணம் வேறு. செக்மெத்தின் தலை அவளது இயல்பைக் காட்டும் குறி. நரசிங்கத்தின் வடிவமோ ஒரு வரத்திற்கு விடை. மனிதராலும் விலங்காலும் சாவு வேண்டா என வரம்பெற்ற இரணியனுக்காக, இரண்டும் ஆகி இரண்டும் அல்லாத ஒன்று தோன்றுகிறது. வரம் இல்லையேல் அவ்வடிவமும் இல்லை.

ஆயினும் இருநாட்டுக் கதைகளும் ஒரே இடரில் வந்து நிற்கின்றன. பகையை ஒழிக்க எழுந்த சினம், பகை ஒழிந்த பின்னும் அடங்காதாயின் அதனை ஆற்றுவார் யார்?

எகிப்தியர் கண்ட வழி சூழ்ச்சி. தன்னை எதிர்த்த மனிதரை ஒறுக்க இரா என்னும் ஞாயிற்றுக் கடவுள் ஏவிய தேவி, கொலையில் இன்பங் கண்டு மனித குலத்தையே அழிக்கத் துணிந்தாள். அஞ்சிய இரா, 7,000 சாடி மதுவைச் செந்நிறமாக்கி இரவில் வயல்களில் ஊற்றுவித்தான். குருதியென எண்ணி அதனைப் பருகியவள், மயங்கி மனிதரை மறந்தாள். அவள் சினம் தணிந்ததன்று, ஏமாற்றப்பட்டது.

நம் நாட்டிலோ விடைகள் பல. பாகவதத்தில் திருமகளும் அஞ்சி அணுகாதொழிய, குழந்தை பிரகலாதனே சென்று பணிகின்றான். சைவ மரபில், சிவபெருமான் சரப வடிவுகொண்டு நரசிங்கத்தை அடக்குகின்றார். இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத்திலும், மூன்றாம் குலோத்துங்கன் எடுத்த திருபுவனத்திலும் சரபர் வழிபடப்பெறுகின்றார். அவ்வடிவங்களின் மாண்பு மறுத்தற்கு அரியது. எனினும், சைவரே ஆயினும் நடுநின்று நோக்குவார், அக்கதையில் சமயப் போட்டியின் சுவடு இருத்தலை ஒப்புவர். வலிமையை அதனினும் பெரிய வலிமை வென்றது என்பதற்கு மேல் அதில் கவிதைக்கு இடம் குறைவு.

கம்பர் மேற்கொண்ட விடை வேறு. வான்மீகியார் நூலில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவர் யுத்த காண்டத்திற் சேர்த்தார். காப்பியத்தின் ஓட்டத்தை அது தடைசெய்கின்றது என்பாரும் உளர். தூணினின்று தோன்றும் அச்சீயம் முதலிற் சிரிக்கின்றது, பின்னரே சீறுகின்றது. இரணியன் மாண்ட பின்னும் தணியாத அச்சீற்றங் கண்டு நடுங்கிய தேவர்கள் திருமகளை வேண்டி விடுக்கின்றனர். அவள் வருகின்றாள், இறைவன் அவளை அன்போடு நோக்குகின்றான், சினம் தணிகின்றது. மதுவும் இல்லை, போரும் இல்லை.

பாகவதத்தில் அஞ்சி நின்றவளைக் கம்பர் ஏன் முன்னே வரவிடுகின்றார்? கதை சொல்பவன் யார், கேட்பவன் யார் என நோக்கின் விடை புலனாகும். சொல்பவன் வீடணன். கேட்பவன் இராவணன். இடம் இலங்கை வேந்தன் அவை. அவ்வேளையில் திருமகளின் அவதாரமாகிய சீதை, அந்நகரத்து அசோகவனத்திலேயே சிறையிருக்கின்றாள். வரப்போகும் சினத்தை ஆற்ற வல்லவள் யாரோ, அவளையே சிறைவைத்தவனுக்கு இக்கதை சொல்லப்படுகின்றது. படலம் காப்பியத்திற்குப் புறம்பானது என்பார் இவ்விடத்தை மீண்டும் படித்தல் நன்று.

இராவணனோ கதை முழுவதும் கேட்டான். தந்தையின் சாவுக்குத் துணைநின்ற மகன் ஒருவனையே அதிற் கண்டான். தம்பியையும் அவனோடு ஒப்பிட்டு வைதான்.