குவாபெனா என்கெட்டியாவும் ஆப்பிரிக்க சங்கீத ஆராய்ச்சியும்

ஆப்பிரிக்க சங்கீதத்தைப் பற்றிய சாஸ்திரீய ஆராய்ச்சி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலும் ஐரோப்பியர் வசமே இருந்தது. பெர்லினில் அமர்ந்து ஒலிப்பதிவு உருளைகளைக் கேட்டே அக்கண்டத்தின் தாளத்தை விளக்க முற்பட்ட ஹார்ன்போஸ்டல், வட ரொடீஷியாவில் மிஷனரியாக இருந்து 1959-இல் தம் பெரிய நூலை வெளியிட்ட ஏ. எம். ஜோன்ஸ், ஒலிப்பதிவுக் கருவிகளுடன் ஊர் ஊராகச் சஞ்சரித்து 1954-இல் ஆப்பிரிக்க சங்கீதத்துக்கென்றே ஒரு நூலகத்தை நிறுவிய ஹியூ ட்ரேசி ஆகியோரின் உழைப்பை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. ஆயினும், முழவு கொட்டுகிறவன் மனத்தில் ஓடும் சொற்கள் யாவை, ஒப்பாரி சொல்லும் கிழவி எந்த முன்னோனை எந்தப் பட்டப்பெயரால் ஏன் அழைக்கிறாள் என்பவை அவர்கள் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களாகவே இருந்தன. அவற்றை உள்ளிருந்து அறிந்து எழுதியவர்களுள் தலைமையானவர் கானா தேசத்து ஜே. எச். குவாபெனா என்கெட்டியா.

அசாந்தே நாட்டு மாம்பொங்கில் 1921 ஜூன் 22-இல் பிறந்த அவர், அக்ரோபொங்கிலிருந்த பிரெஸ்பிட்டீரியன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்கு முன் ஆசிரியராயிருந்த எஃப்ரயிம் அமு, ஆப்பிரிக்க உடையில் பிரசங்க மேடை ஏறினார் என்பது முதலான காரணங்களால் 1933-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். ஆனால் அவருடைய பாட்டுகள் அக்கல்லூரியை விட்டுப் போகவில்லை. அமு கண்ட உண்மையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ட்வீ மொழியில் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை நிர்ணயிக்கிறது. ஒரே எழுத்துக்களாலான சொல் மேல் ஸ்தாயியில் ஒன்றையும் கீழ் ஸ்தாயியில் வேறொன்றையும் குறிக்கக்கூடும். ஐரோப்பியத் தேவாலய மெட்டுகளில் ட்வீ வரிகளைப் பொருத்தியபோது, இறங்க வேண்டிய அசை ஏறி, ஏற வேண்டியது இறங்கி, பக்தர்கள் வாயிலேயே பொருள் சிதைந்தது. மெட்டு பேச்சின் வழியே செல்ல வேண்டும் என்பது அமுவின் தீர்மானம். என்கெட்டியாவின் பிற்கால ஆராய்ச்சி முழுவதற்கும் வித்து இதுவே என்பது என் அபிப்பிராயம்.

1944-இல் லண்டன் சென்ற அவர், கீழ்த்திசை ஆப்பிரிக்கக் கல்வி நிலையத்தில் மொழியியலும் மானிடவியலும் பயின்றார். டிரினிடி இசைக் கல்லூரியில் மேனாட்டு சங்கீதமும் கற்றார். தாயகம் திரும்பியபின், 1952-இல், சமூகவியல் அறிஞர் கே. ஏ. பூசியா அவரை அக்ரா நகரை அடுத்த லெகோனின் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ஆராய்ச்சியாளராக அழைத்துக்கொண்டார். சங்கீதத்துக்கு அப்போது அங்கே தனித் துறை கிடையாது. சமூகவியலின் நிழலில் தொடங்கியதும் ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது. 1955-இல் வெளிவந்த அவருடைய முதற் பெருநூல், ட்வீ மொழி பேசும் ஆக்கான் மக்களின் ஒப்பாரிகளைப் பற்றியது. வாத்தியத் துணையின்றிப் பெண்கள் தனித்தனியே சொல்லிப் புலம்பும் அப்பாட்டுகளில் இறந்தவரின் முன்னோர், இறந்தவர், அவருடைய சொந்த ஊர், மேலுலகுக்கு அனுப்பும் செய்தி என்ற பொருள்கள் எவ்வாறு பின்னிக்கிடக்கின்றன என்பதை அவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறார். அழுகையைக் காவியமாக மதித்து வாசித்த நூல் அது.

1963-இல் வெளிவந்த ஆக்கான் முழவு நூலோ அவருடைய சிகரம். அதில் வரும் அதும்பான் என்பது ஜோடி முழவு. ஒன்று தாழ்ந்த ஒலியும் மற்றது உயர்ந்த ஒலியும் உடையது. வளைந்த கோல்களால் அவற்றைக் கொட்டுகிற கலைஞன் ட்வீ மொழியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஒலித்துக் காட்டுவதால், கேட்பவர்களுக்கு அது வாசகமாகவே புரிகிறது. திருநாள் விடியற்காலையில் அவன் அரசனை விளிக்குமுன், முழவைக் குடைந்த மரத்தையும், அதைப் போர்த்திய யானைத்தோலையும், முளைகளையும், பூமித்தாயையும் ஒவ்வொன்றாக எழுப்பி வணங்குகிறான். முழவொலியைச் சைகை, பேச்சு, ஆட்டம் என மூன்று முறைகளாக என்கெட்டியா வகுத்ததும், கூட்டு வாசிப்பில் இடையறாது ஒலித்து மற்றவரை நிலைநிறுத்தும் மணியின் அடியமைப்புக்கு ‘டைம் லைன்’ என்று பெயரிட்டதும் இத்துறையில் நிலைத்துவிட்டன. மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பரவலான ஒன்றில் 12 நுண்மாத்திரைகளுக்குள் 7 அடிகள் ஒழுங்கற்றவைபோல் விழுகின்றன. ஆனால் ஆடுகிறவன் கால் அதில் ஒருபோதும் தடுமாறுவதில்லை.

1958-இல் அமெரிக்கா சென்று சாகித்யகர்த்தா ஹென்றி கவல் போன்றோரிடம் பயின்று திரும்பியவருக்கு, சுதந்திர கானா பெரும் பணியை வைத்திருந்தது. லெகோனில் அமைந்த ஆப்பிரிக்க ஆய்வு நிலையத்தை 1965 முதல் ஏறக்குறைய பதினைந்தாண்டு அவர் நடத்தினார். 1962-இல் நடன ஆசிரியர் ஆல்பர்ட் மவேரே ஒப்போகுவுடன் சேர்ந்து தேசிய நடனக் குழுவைத் தோற்றுவித்தார். பட்டம் பெறாத கிராமத்து முழவு வித்வான்களைப் பல்கலைக்கழக ஆசிரியர்களாக அமர்த்திய துணிவு எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்னர் லாஸ் ஏஞ்சலஸிலும் பிட்ஸ்பர்க்கிலும் பேராசிரியராயிருந்து, 1992-இல் லெகோனிலேயே ஆப்பிரிக்க சங்கீத நடன சர்வதேச மையத்தை நிறுவினார்.

1974-இல் வெளிவந்த ‘த மியூசிக் ஆஃப் ஆப்பிரிக்கா’ பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பாடநூலாயிற்று. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள அத்தனை ஜனங்களையும் ஒரே நூலில் அடக்கும்போது தனித்தனி ஊர்களின் மணம் குறைந்துதான் போகிறது. முழவு நூலில் காணும் நெருக்கம் இதில் இல்லை.

ஆராய்ச்சியாளர் என்ற புகழ் சாகித்யகர்த்தாவை மறைத்துவிட்டது. ட்வீ மொழியில் தனிப்பாட்டுகளும் சேர்ந்திசைப் பாட்டுகளும், அதென்தெபென் என்னும் மூங்கிற்குழலுக்கும் பியானோவுக்கும் உருப்படிகளும் அவர் இயற்றினார். மணியும் மரச்சட்ட வாத்தியமும் விரல்களுக்குக் கற்பிக்கும் தாளத்தைப் பியானோவில் ஏற்ற வேண்டுமென்று நைஜீரிய அறிஞர் அகின் யூபா வகுத்த ‘ஆப்பிரிக்கப் பியானிசம்’ என்ற நெறியில், மாணவர்களுக்காக 12 சிறு உருப்படிகளை 1994-இல் வெளியிட்டார். கிராமத்தில் சேகரித்ததை ஏட்டில் அடைத்து வைக்காமல் புதிய பாட்டாக மீட்டளிப்பதே அவர் ஆராய்ச்சியின் நோக்கமாயிருந்தது என்பதற்கு இவை சாட்சி. கோஃபி அகாவு முதலிய அடுத்த தலைமுறையினர் அவரோடு வாதிட்டும் அவர்மேல் ஊன்றியும் எழுதியிருக்கிறார்கள்.

2019 மார்ச் 13-இல், 97-ஆம் வயதில், அவர் காலமானார். அவரை அறிய விரும்பும் அன்பர்கள் பாடநூலோடு நின்றுவிட வேண்டாம். ஒப்பாரி நூலையும் முழவு நூலையும் தேடிப் படியுங்கள், படித்தபின் அவர் இயற்றிய பாட்டுகளைக் கேளுங்கள்.